தண்ணியக்காவின் நாற்பது குச்சிகள்

நகராட்சி நீச்சல்குளத்தில் அவளை எல்லோரும் தண்ணியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். புதிதாக நீந்த வருகிறவர்கள் அந்தப் பெயரைக் கேட்டதும் சற்றுத் தயங்கி, அவள் நடை நேராக இருக்கிறதா என்று ஓரக்கண்ணால் பார்ப்பார்கள். ஒருத்தர் துணிந்து, "அவ்வளவு குடிப்பாங்களா?" என்று டிக்கெட் கொடுப்பவரிடம் கேட்டேவிட்டார். விஷயம் வேறு. இருபத்து மூன்று வருஷமாக அந்தக் குளத்துத் தண்ணீரைச் சோதிப்பது அவள் வேலை. தினமும் மூன்று வேளை சின்னக் கண்ணாடிக் குப்பியில் தண்ணீர் மொண்டு, மருந்து விட்டு, வருகிற நிறத்தை அட்டையோடு ஒப்பிட்டு, வாசல் பலகையில் சாக்பீஸால் எழுதுவாள். பி.எச். என்கிற அந்த அளவு ஏழுக்குக் கீழே போனால் புளிப்பு, மேலே போனால் காரம். அவள் குளம் ஏழு புள்ளி நாலைவிட்டு இப்படி அப்படி அசையாது. ஒரு பொட்டு கூடினாலும் அவளுக்கு மூக்கில் வேர்த்துவிடும்.

அப்படிப்பட்ட கறார்க்காரி, ஐம்பத்தொரு வயதில், ஒரு செடியைப் பார்த்துத் தலைகால் புரியாமல் போனாள் என்றால் யார் நம்புவார்கள்?

செடி வந்த கதை சாதாரணம். ஆண்டுவிழாவில் ஊழியர்களுக்குக் குலுக்கல் வைத்தார்கள். முதல் பரிசு வாஷிங் மெஷின், இரண்டாவது மிக்ஸி. அவள் சீட்டுக்கு விழுந்தது ஏழாவது பரிசு. ஒரு தொட்டி, அதில் முழங்கால் உயரத்துக்கு நாலைந்து குச்சி, குச்சியில் கொஞ்சம் இலை. கழுத்தில் கட்டியிருந்த அட்டையில் 'புளூபெர்ரி' என்று அச்சடித்திருந்தது. பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வரும்போதே ஒரு இலையை விரலால் நீவிப் பார்த்தாள். இந்தக் குச்சியிலா பழம் காய்க்கும் என்று நினைத்தாள். நினைத்த மாத்திரத்தில் வாயில் எச்சில் ஊறியது. அதோடு தொலைந்தாள்.

வீட்டில் அவளும் கணவரும் மட்டும். கணவர் டிரைவிங் ஸ்கூலில் கற்றுக்கொடுக்கிறவர். கற்றுக்கொள்கிறவர் ஓட்ட, இவர் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் தனி பிரேக்கை மிதிப்பார். இருபது வருஷம் மிதித்ததில் கால் அவர் பேச்சைக் கேட்பதை விட்டுவிட்டது. டிவியில் ஒரு கார் வேகமாக வந்தாலும் சோபாவில் உட்கார்ந்தபடி வலது காலால் தரையை அழுத்துவார். மனைவி கொஞ்சம் வேகமாகப் பேசினாலும் அழுத்துவார். ஊரில் அவருக்குப் பெயர் பிரேக் மாஸ்டர்.

"ஏம்மா, வாஷிங் மெஷின்னு சொல்லிட்டுப் போன, துடைப்பத்தோட வந்திருக்க?" என்றார் அவர்.

"துடைப்பம் இல்லைங்க. பழம் காய்க்கும்."

"எப்போ?"

அது அவளுக்குத் தெரியாது. ஆனாலும் பால்கனியில் நல்ல வெயில் படும் இடமாகப் பார்த்து, கொடியில் காய்ந்த அவர் சட்டைகளை ஓரங்கட்டிவிட்டுத் தொட்டியை வைத்தாள்.

கீழ்வீட்டில் இருந்தது அவள் நாத்தனார், மாஸ்டரின் தங்கை. ஆஸ்பத்திரி வரவேற்பில் உட்கார்ந்து டோக்கன் கொடுக்கிறவள். வாய் கொஞ்சம் நீளம், மனசு அதைவிட நீளம். செடியைப் பார்த்ததும், "பாவம், சத்தே இல்லாம கிடக்கு. நான் கவனிச்சுக்கறேன் அண்ணி" என்றாள். அன்றிலிருந்து தினமும் காலையில் மேலே வந்து, பொடித்த முட்டை ஓட்டைத் தொட்டியில் தூவி, குழாய்த் தண்ணீரை ஒரு சொம்பு ஊற்றிவிட்டுத்தான் வேலைக்குப் போவாள்.

வெயில் காலம் தொடங்கியதும் இலை மஞ்சளித்தது. சும்மா மஞ்சள் இல்லை. நரம்பு மட்டும் பச்சையாக நின்று, நடுவில் எல்லாம் வெளிறி, எக்ஸ்ரே எடுத்த மாதிரி ஆயிற்று. நாத்தனார் பதறிப்போய் முட்டை ஓட்டை இரட்டிப்பாக்கினாள். செடி இன்னும் வெளிறியது. தண்ணியக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. நர்சரிக்குப் போன் போட்டாள்.

"இலை மஞ்சளா? நரம்பு பச்சையா?" நர்சரிக்காரர் ஒரே கேள்வியில் பிடித்துவிட்டார். "மண்ணுல புளிப்பு இல்லைம்மா. அதுக்குப் புளிப்பு மண்ணுதான் பிடிக்கும். நாலரையில இருந்து அஞ்சு, மிஞ்சிப்போனா அஞ்சரை. உங்க தண்ணி எவ்வளவு இருக்கு?"

போனைப் பிடித்தபடியே அவள் சமையலறைக் குழாயைத் திரும்பிப் பார்த்தாள். உங்க தண்ணி எவ்வளவு! இருபத்து மூன்று வருஷத்தில் பத்து லட்சம் லிட்டர் குளத்தைச் சொட்டுச் சொட்டாக அளந்தவள், தன் வீட்டுக் குழாயை ஒரு தடவைகூட அளந்ததில்லை. மறுநாள் பழைய சோதனைக் குப்பி ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்து, சமையலறைக் குழாயைத் திறந்து மொண்டு, மருந்து விட்டு, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். எட்டு புள்ளி இரண்டு.

"ஐயோ!" என்று அவள் போட்ட சத்தத்தில் ஹாலில் உட்கார்ந்திருந்த மாஸ்டர் தரையை அழுத்தினார். கீழ்வீட்டிலிருந்து நாத்தனார் ஓடிவந்தாள்.

"என்ன அண்ணி, என்னாச்சு?"

"நம்ம தண்ணி காரம்டி! இவ்வளவு நாளா காரத்தை ஊத்தியிருக்கோம்!"

"தண்ணில எங்க அண்ணி காரம்? மிளகாயா போட்டிருக்காங்க?"

அவளை உட்காரவைத்து விளக்கினாள். முட்டை ஓடு என்பது சுண்ணாம்பு மாதிரி, காரத்தை ஏற்றும், புளிப்பு கேட்கிற செடிக்கு அதைப் போட்டது... சொல்லி முடிப்பதற்குள் நாத்தனாரின் முகம் விழுந்துவிட்டது. "அப்போ நான்தான் கொன்னுட்டேனா?" என்று மூக்கை உறிஞ்சினாள். "நீ பாதி, நான் பாதி" என்று தண்ணியக்கா சொன்னதும் இருவரும் ஒருவரையொருவர் பார்த்து, ஏனோ சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. அழவேண்டிய இடத்தில் இரண்டு பெண்கள் விழுந்து விழுந்து சிரிப்பதை மாஸ்டர் வாசலில் நின்று பயத்தோடு பார்த்தார்.

அதன்பிறகு வீடு வீடாக இல்லை. பழைய மண்ணைத் தட்டிக் கொட்டி, வேரை மெதுவாக உதறி, பீட் மாஸ் என்கிற மக்கிய பாசித்தூளும் பைன் மரப்பட்டைத் தூளும் கலந்து பெரிய தொட்டியில் நட்டாள். மேலே பைன் ஊசியிலைகளை மெத்தை மாதிரி பரப்பினாள். கந்தகப் பொடியில் ஒரு ஸ்பூன். அது மெல்ல மெல்லத்தான் வேலைசெய்யும் என்று நர்சரிக்காரர் சொல்லியிருந்ததால் அவசரப்படவில்லை. உரத்துக்கு அமோனியம் சல்பேட், அதுவும் அரை ஸ்பூனை ஒரு வாளித் தண்ணீரில் கரைத்து, மாதம் ஒரு தடவை. "கை தாராளமா போனா வேர் வெந்துடும்மா. இது கொஞ்சமா சாப்பிடற ஜாதி" என்பது அவர் எச்சரிக்கை.

ஊற்ற மழைத்தண்ணீர் வேண்டும். முதல் மழை ஒரு மாலை நேரத்தில் கொட்டியபோது அவள் வாளி, குண்டான், குக்கர், துணி ஊறவைக்கும் தொட்டி எல்லாவற்றையும் பால்கனியில் வரிசைகட்டினாள். மாஸ்டர் காபி குடிக்கப் போனால் டம்ளர் இல்லை. எல்லாம் மழையில் நின்றுகொண்டிருந்தன. தலை முழுக்க நனைந்து, குப்பியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "அஞ்சு புள்ளி எட்டு! ஏங்க, வானத்துல இருந்து அஞ்சு புள்ளி எட்டு விழுது!" என்று கத்தினாள் அவள். எதிர்வீட்டு ஜன்னலில் நாலு தலை முளைத்தது. மழை இல்லாத வாரங்களில் குழாய்த் தண்ணீரில் துளித்துளியாக வினிகர் விட்டு ஐந்தரைக்கு இறக்குவாள். வீடே ஊறுகாய் ஜாடி மாதிரி மணக்கிறது என்று மாஸ்டர் புலம்புவார்.

ஆறாவது வாரம் அடியிலிருந்து ஒரு தளிர் சிவப்பாக எட்டிப் பார்த்தது. அன்று அவள் கால் தரையில் பாவவில்லை. குளத்து வாசல் பலகையில் 'ஏழு புள்ளி நாலு' என்று எழுதிவிட்டு, கீழே தன்னையறியாமல் 'தளிர் ஒன்று' என்றும் எழுதிவைத்தாள். நீந்த வந்தவர்கள் அது ஏதோ புதுக் கிருமி என்று நினைத்து, அரைமணி நேரம் ஒருவரும் தண்ணீரில் இறங்கவில்லை.

குளிர்காலத்தில் இலையெல்லாம் சிவந்து கொட்டியது. "போச்சு" என்று மாஸ்டர் கைவிரித்தார். "தூங்குதுங்க" என்றாள் அவள். குளிர் விட்டதும், குச்சி நுனியெல்லாம் வெள்ளை வெள்ளையாய்க் குட்டி மணிகள் கவிழ்ந்து தொங்கின. பூ! அவள் போனை எடுத்து நர்சரிக்காரருக்குச் சந்தோஷமாகச் சொன்னாள்.

"எல்லாத்தையும் கிள்ளிப் போடுங்க" என்றார் அவர்.

"என்னது?"

"செடி இப்பத்தான் உடம்பு தேறி வருது. இந்த வருஷம் காய்க்கவிட்டா வளராது. கிள்ளுங்கம்மா, கண்ணைப் பார்க்காதீங்க."

பூவுக்கு ஏது கண்? ஆனால் அவளுக்கு இருப்பதாகத்தான் பட்டது. ஒரு ஞாயிறு முழுக்க கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கடைசியில் மாஸ்டரைத் துணைக்கு நிறுத்திக்கொண்டு கிள்ளினாள். ஒவ்வொரு கிள்ளலுக்கும் "மன்னிச்சுக்கோ" என்று அவள் சொல்ல, அவர் ஒவ்வொரு கிள்ளலுக்கும் காலை அழுத்தினார். நாத்தனார் மட்டும் பக்கத்தில் ரொம்பச் சமர்த்தாக நின்றாள். அவ்வளவு சமர்த்து அவள் வழக்கம் இல்லை. சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

வெயில் காலத்தில்தான் குட்டு வெளிப்பட்டது. சுவரோரக் கிளையில் கைக்குட்டை ஒன்று காய்வதுபோலத் தொங்கியது. எடுத்துப் பார்த்தால் உள்ளே நாலு காய். "ஒரே ஒரு கொத்துதான் அண்ணி, மனசு கேக்கல" என்று நாத்தனார் கைகட்டி நின்றாள். தண்ணியக்கா திட்ட வாயைத் திறந்தாள். திறந்த வாய் பல்லாகிவிட்டது.

நீலமான பிறகும் பறிக்கவில்லை. நிறம் வந்த நாலைந்து நாள் கழித்து, தொட்டால் தானே கையில் விழவேண்டும், அதுவரை புளிக்கும். மூன்று பேரும் போகும்போதும் வரும்போதும் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். விழுந்த அன்று ஆளுக்கு ஒன்று. மாஸ்டர் வாயில் போட்டு, கண்ணை மூடி, மெல்ல மென்றார். கால் அசையவே இல்லை.

"நாலாவது யாருக்கு?" என்றார் பிறகு.

நாலாவதைப் பிளேடால் மூன்றாக நறுக்கினார்கள்.

இரண்டாவது செடியை வாங்கி வந்தவர் மாஸ்டர்தான், யாரும் சொல்லாமலே. வேறு ரகமாகப் பார்த்து வாங்கியிருந்தார். "தனியா இருந்தாலும் காய்க்குமாம், ஜோடி இருந்தா கொத்துக் கொத்தா காய்க்குமாம். நர்சரிக்காரர் சொன்னார்" என்று வெட்கத்தோடு தொட்டியை இறக்கினார். "பார்த்தீங்களா அண்ணி, இருபத்தெட்டு வருஷம் கழிச்சு அண்ணனுக்கு ஜோடின்னா என்னன்னு புரிஞ்சிருக்கு" என்றாள் நாத்தனார்.

ஆனால் தண்ணியக்காவின் ஆசை இரண்டில் நிற்கிறதா? அடுத்த வெயில் தொடக்கத்தில், புதுக் கிளைகள் பச்சையும் இல்லாமல் மரமும் இல்லாமல், வளைத்தால் வளைகிற பதத்தில் இருந்தபோது, கத்தரியை ஸ்பிரிட்டில் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். சாண் நீளத்துக்கு ஒரு குச்சி. அடி இலைகளை உருவி, நுனியில் இரண்டு மூன்றை மட்டும் விட்டு, அடியை வேர் பிடிக்கவைக்கும் பொடியில் தொட்டு, பீட்டும் மணலும் கலந்த சின்னக் கிண்ணத்தில் ஊன்றினாள். நாற்பது குச்சி. மாஸ்டர் வேலையிலிருந்து வந்து இரண்டு செடியையும் பார்த்து, "நல்லா இருந்ததுக்கு மொட்டை அடிச்சுட்டியே!" என்று நெஞ்சில் கைவைத்தார்.

குச்சி வேர்விட வெதுவெதுப்பும் ஈரமும் வேண்டும். பால்கனியில் காற்று வறண்டது. அவளுக்குப் பொறி தட்டியது. குளத்தில் பெண்கள் உடைமாற்றும் அறைக்குப் பின்னால், பழைய துண்டு உலர்த்தும் அறை ஒன்று சும்மா கிடந்தது. கண்ணாடிக் கூரை. பக்கத்திலேயே வெந்நீர்க் குழாய். சுவரெல்லாம் எப்போதும் வியர்த்திருக்கும். நாற்பது கிண்ணத்தையும் மூன்று தவணையாகக் கொண்டுபோய் அங்கே அடுக்கி, மேலே பிளாஸ்டிக் தாளைக் கூடாரமாகக் கட்டினாள். ஒவ்வொரு முறை தண்ணீரைச் சோதித்த கையோடு போய் இலைமேல் புகைபோலத் தண்ணீர் தெளிப்பாள். உரம் என்ற பேச்சே கூடாது. வேர் வந்த பிறகுதான் சாப்பாடு.

வேர் வந்ததா என்று தெரிந்துகொள்ள ஒரே வழி, குச்சியை மெல்ல இழுத்துப் பார்ப்பது. உள்ளே பிடித்துக்கொண்டால் வேர் இருக்கிறது. அவள் முதல் வாரமே இழுக்க ஆரம்பித்துவிட்டாள். மூன்று குச்சி கையோடு வந்தது. "இனிமே இழுத்தா உன்னை வேலையில இருந்தே இழுத்துடுவேன்" என்று மாஸ்டர் கோபித்த பிறகுதான் விட்டாள். ஏழாவது வாரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒன்றைத் தொட்டு இழுத்தாள். அது உள்ளேயிருந்து திருப்பி இழுத்தது! ஒரு குழந்தை விரலைப் பிடித்துக்கொள்கிற மாதிரி. அவள் ஆவி பறக்கும் அந்த அறையில் தன்னந்தனியாகக் கைதட்டினாள்.

எட்டாவது வாரம் ஆய்வாளர் வந்தார். வருஷாந்திரச் சோதனை. மெலிந்த மனிதர், கையில் படிவம். குளத்துத் தண்ணீரை அவரே சோதித்தார். ஏழு புள்ளி நாலு. தலையசைத்தார். பிறகு ஒவ்வொரு கதவாகத் திறந்துகொண்டே போனவர் அந்தக் கதவையும் திறந்தார். திறந்தவருடைய மூக்குக்கண்ணாடி முழுக்க ஆவி படிந்துவிட்டது. துடைத்துப் போட்டுக்கொண்டு, கிண்ணங்களை எண்ணிப் படிவத்தில் எழுதினார்.

"துண்டு உலர்த்துற அறையில துண்டு இல்லை. நாற்பது செடி இருக்கு."

"முப்பத்தேழு சார். மூணு பிழைக்கல."

அவர் எழுதியதை அடித்து முப்பத்தேழு என்று திருத்தினார். "நாளைக்கு மதியத்துக்குள்ள எடுத்துடணும்மா. இல்லைன்னா தண்ணி நல்லா இருந்தும் நான் குறை எழுத வேண்டியிருக்கும்." கோபமே இல்லாமல்தான் சொன்னார். அவள் தலையாட்டினாள். இளம் வேர், மதியம் வரை கெடு, வீட்டுப் பால்கனியில் பத்துக்கு மேல் இடம் கிடையாது.

மறுநாள் காலை ஏழு மணிக்குப் பெண்களுக்கான தண்ணீர் உடற்பயிற்சி வகுப்பு. பதினொரு பேர் தொப்பியோடு இடுப்பளவு நீரில் கையை வீசிக்கொண்டிருந்தார்கள். தண்ணியக்கா கரையில் ஏறி நின்று விசில் ஊதினாள். இருபத்தைந்து வருஷத்தில் அவள் விசில் ஊதிக் கேட்டதில்லை என்பதால், யாரோ மூழ்கிவிட்டார்கள் என்று எல்லோரும் கரைக்கு ஓடிவந்தார்கள்.

"யாருக்கெல்லாம் புளூபெர்ரி பிடிக்கும்?" என்று கேட்டாள்.

பதினொரு ஈரக்கை உயர்ந்தது. ஆளுக்கொரு கிண்ணம். சொட்டச் சொட்ட நின்றவர்களிடம், "குழாய்த் தண்ணி ஊத்தக்கூடாது, மழைத்தண்ணிதான், முட்டை ஓடு கிட்டவே வரக்கூடாது, சத்தியம் பண்ணுங்க" என்று வாக்கு வாங்கிவிட்டுத்தான் கொடுத்தாள்.

மீதி இருபத்தாறு. எட்டு மணிக்கு மாஸ்டரின் கார் வாசலில் வந்து நின்றது. நின்றது என்பது மரியாதைக்குச் சொல்வது. மூன்று குதி குதித்து அடங்கியது. ஓட்டிவந்தவர் ஒரு டெய்லர். லைசென்ஸ் தேர்வில் நாலு தடவை தோற்றவர். கிளட்சை விட்டாரென்றால் கார் தவளை. அன்று காலை எட்டு மணி அவருடைய பாடநேரம்.

இருபத்தாறு கிண்ணமும் பின்சீட்டிலும் தரையிலும் நாத்தனார் மடியிலுமாக ஏறியதைப் பார்த்து டெய்லருக்கு வியர்த்தது. "சார், நான் இறங்கிக்கறேன். நீங்க ஓட்டுங்க."

"இது உங்க நேரம். நீங்கதான் ஓட்டணும்."

"செடி கொட்டிடும் சார்!"

"கொட்டாம ஓட்டுங்க."

தண்ணியக்கா வேலையைவிட்டு வரமுடியாது. ஜன்னல் வழியே குனிந்து, "வேர் நூல் மாதிரி இருக்கு சார். ஒரு குலுக்கல் போதும், அறுந்துடும்" என்று மட்டும் சொன்னாள்.

நூல் என்ற சொல் டெய்லருக்குள் எங்கேயோ போய்த் தைத்தது. கிளட்சின்மேல் காலை வைத்தார். தையல் மெஷின் மிதிகட்டையை மெல்லிய பட்டில் எப்படி மிதிப்பாரோ அப்படி விட்டார். கார் அசைந்ததே தெரியவில்லை, ஆனால் நகர்ந்தது. பெரிய சாலையில் பின்னால் லாரி ஒன்று ஹாரன் அடித்துத் தீர்த்தது. டெய்லர் திரும்பிப் பார்க்கவில்லை. சிக்னலில் நிறுத்தினார், மேட்டில் ஏற்றினார், பள்ளத்தில் இறக்கினார். பின்னால் கிண்ணங்களைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "சூப்பர் டெய்லர், மடிப்பு கலையல!" என்று நாத்தனார் உற்சாகப்படுத்தினாள். வீட்டு வாசலில் நின்றபோது ஒரு கிண்ணமும் சாயவில்லை. மாஸ்டர் இறங்கி, தன் வலது காலைக் குனிந்து பார்த்தார். வழி முழுக்க அது பிரேக்கைத் தொடவே இல்லை.

கிண்ணங்களில் பத்து பால்கனிக்கு ஏறின, பதினாறு நாத்தனாரின் கீழ்வீட்டில் இடம்பிடித்தன. அடுத்த வாரம் டெய்லர் ஐந்தாவது தடவை தேர்வுக்குப் போனார். அதிகாரி ஏறி உட்கார்ந்ததும், பின்சீட்டில் இருபத்தாறு கிண்ணம் இருப்பதாக நினைத்துக்கொண்டு ஓட்டி, பாஸானார். நன்றிக்கடனாக இரண்டு செடியைக் கேட்டு வாங்கிப்போய்க் கடை வாசலில் வைத்தார். மீதியைத் தெருவே பங்குபோட்டுக்கொண்டது.

அதிலிருந்து தண்ணியக்காவுக்கு ஞாயிற்றுக்கிழமை என்பதே கிடையாது. "அக்கா, எங்க வீட்டு இலை சிவக்குது, பயமா இருக்கு", "அக்கா, வினிகர் எத்தனை சொட்டு?" என்று போன் மேல் போன். பையில் குப்பிகளைப் போட்டுக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்குவாள். கதவைத் திறக்கிறவர்கள் வணக்கம் சொல்லும் முன்பே டம்ளரில் தண்ணீரை நீட்டுவார்கள். விவரம் தெரியாத விருந்தாளி ஒருவர் அதை வாங்கி மடக்கென்று குடித்துவிட்டு, முகம் கோணி, "என்னங்க இது, புளிக்குது?" என்றார். "அது செடியோடது" என்றாள் அந்த வீட்டுக்காரி.

அடுத்த வருஷம் தாய்ச்செடிகள் இரண்டும் நிஜமாகவே கொத்துக் கொத்தாகக் காய்த்தன. பறவைகளுக்கு எப்படித்தான் சேதி போனதோ, கூட்டமாக வந்து இறங்கின. மாஸ்டர் இரண்டு நாள் உட்கார்ந்து வலை கட்டினார். ஓட்டை இல்லை, இடுக்கு இல்லை, கீழே செங்கல் வைத்து அழுத்தி, "இனிமே ஒரு கொசு நுழையட்டும் பார்க்கலாம்" என்று கையைத் தட்டிக்கொண்டார்.

மறுநாள் காலை காபியோடு இருவரும் பால்கனிக்கு வந்தார்கள். வலைக்குள்ளே, ஒரு குண்டுக் குருவி, வாய் முழுக்க நீலமாக, நடுக்கிளையில் சாவகாசமாக உட்கார்ந்திருந்தது.

"எப்படிங்க உள்ள போச்சு?"

"போகல..." மாஸ்டர் யோசித்து, மெல்லச் சொன்னார். "நான் கட்டும்போதே உள்ளதான் இருந்திருக்கு."

வலையின் ஒரு முனையைத் தூக்கிவிட்டார்கள். குருவி பார்த்தது. போகவில்லை. இன்னொரு முனையையும் தூக்கினார்கள். அது ஒரு பழத்தைக் கொத்தி விழுங்கிவிட்டு, அடுத்ததைத் தேர்ந்தெடுக்கத் தலையைச் சாய்த்தது. மாஸ்டர் "உஷ்" என்றார். பதிலுக்கு அது ஏதோ சொன்னது. மரியாதையான சொல்லாகத் தெரியவில்லை.

தண்ணியக்காவுக்கு வயிற்றிலிருந்து சிரிப்பு கிளம்பியது. காபியைச் சிந்திவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு, முடியாமல் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "இத்தனை வருஷத்துல நீங்க கட்டின முதல் ரெஸ்டாரன்ட்டுங்க!" என்றாள் கண்ணைத் துடைத்தபடி. மாஸ்டரும் பக்கத்தில் உட்கார்ந்தார். இருவரும் கைநீட்டி, வலைக்கு அடியிலிருந்து எட்டியதைப் பறித்துத் தின்றார்கள். மேல் கிளைகளில் இருந்ததை அது தின்றது.